கருமருந்தும் கவனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இவ்விழாவிற் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் என்னிடம் கேட்டபோது, சமயப் பொருளொன்றையே நான் எடுத்துக்கொள்வேனென்று அவர் எண்ணியிருப்பார். நான் எடுத்துக்கொண்டதோ வெடிமருந்து. கொடியேற்றத்துக்கும் தேருக்கும் பூங்காவனத்துக்கும் வாணம் விடும் பொறுப்பு நம் ஊர்களில் வாலிபர் கையிலேயே இருந்து வருகின்றது. பணம் சேர்ப்பவர்கள் பெரியவர்கள். திரியிற் கொளுத்துபவர்கள் நீங்கள். ஆகையால் இவ்விஷயத்தை உங்கள் முன்னிலையிற் பேசாமல் வேறெங்கே பேசுவது? நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பது பழமொழி. வாயாற் பேசத் தயங்கினால் கைதான் வேகும்.

வாணத்துக்குள்ளும் சீனவெடிக்குள்ளும் இருப்பது பெரும்பாலும் கருமருந்தும் அதன் இனத்தைச் சேர்ந்த கலவைகளுமே. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. இதனைக் கண்டவர்கள் சீனர்கள். சாகாமருந்து தேடிய சித்தர் போன்றவர்கள் இவற்றைக் கலந்து பார்த்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் எழுந்த சீனநூலொன்று, இத்தகைய கலவையைச் சூடாக்கியவர்களின் முகமும் கையும் கருகின என்றும், அவர்கள் இருந்த வீடும் எரிந்தது என்றும் எச்சரிக்கின்றது. இம்மருந்தைப்பற்றி உலகில் எழுந்த மிகப் பழைய குறிப்புக்களில் ஒன்றே ஒரு விபத்தைப்பற்றிய எச்சரிக்கையாக அமைந்தது கவனிக்கத்தக்கது. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அவ்வெச்சரிக்கையை நாம் கேட்டபாடில்லை.

இம்மருந்தின் குணத்தை முதலில் அறிந்துகொள்ளுவோம். விறகு எரிவதற்குக் காற்று வேண்டும். காற்றை மறைத்தால் விறகு அணைந்துவிடும். கருமருந்துக்குக் காற்று வேண்டியதில்லை. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பே கொடுத்துவிடுகின்றது. ஆகையால் எரியத் தொடங்கிய மருந்தைச் சாக்குப் போட்டு மூடியும் மண்ணைப் போட்டு அமுக்கியும் அணைக்க முடியாது. திறந்த இடத்திற் சிறிதளவு கிடந்தால் அது புஸ்ஸென்று எரிந்துபோகும். அதே மருந்து பானைக்குள்ளோ குழாய்க்குள்ளோ அறைக்குள்ளோ அடைபட்டிருந்தால், எழும் வாயுவுக்குப் போக்கிடமின்றி, அடைத்ததைப் பிளந்துகொண்டு வெளியேறும். அதுவே வெடி. மேலும், எரிந்த மருந்தில் ஏறக்குறைய பாதிக்கு மேற்பட்ட பங்கு வாயுவாகாமல் சூடான துகள்களாகவே சிதறுகின்றது. நாம் பொறி என்று சொல்லுவது இதனைத்தான். ஒரு வாணம் எரியும்போது அடுத்த வாணத்துக்குக் கொள்ளியையும் அதுவே தயாரித்துக் கொடுக்கின்றது.

இனி, எண்ணாத நேரத்தில் இம்மருந்து பற்றிக்கொள்வது எவ்வாறு என்று பார்ப்போம். நான் அறிந்தமட்டில் வழிகள் மூன்று.

முதலாவது, சேமித்து வைத்த இடத்துக்கு நெருப்புப் போவது. ஒல்லாந்து தேசத்தில் டெல்ப்ற் என்றொரு நகரம் உண்டு. நம்முடைய நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்டது அந்நகரத்தின் பெயரையே. 1654ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி அங்கிருந்த மருந்துக் களஞ்சியம் வெடித்தது. ஏறக்குறைய முப்பது தொன் கருமருந்து அங்கே இருந்தது. களஞ்சியத்தைப் பார்வையிட ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போனார். அதன் பின்னர் அவரும் இல்லை, களஞ்சியமும் இல்லை. நகரத்தின் ஒரு பகுதியே தரைமட்டமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். காரெல் பப்ரீசியஸ் என்னும் பேர்பெற்ற ஓவியரும் தமது 32ஆம் வயதில் அன்று இறந்தார். இது நடந்து நான்கு ஆண்டுகளின் பின், 1658இல், அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள்.

தூரதேசத்துப் பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டாம். நம்மவர் போய்வரும் சபரிமலையில் 1952இல் வெடிமருந்து வெடித்து 68 பேர் மாண்டனர். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில், பரவூர் புற்றிங்கல் தேவி கோயிலில் நடந்ததை உங்களிற் பலர் செய்தியிற் பார்த்திருப்பீர்கள். திருவிழாவின் கடைசி இரவு. இரண்டு கோஷ்டியாருக்கிடையே வாணப்போட்டி. போட்டிக்கு மாவட்ட அதிகாரிகள் அனுமதி மறுத்திருந்தார்கள். இருந்தும் வாணம் விடப்பட்டது. விடியற்காலை மூன்றரை மணியளவில், எரிந்துகொண்டிருந்த வாணமொன்றின் நெருப்பு, மிச்ச வாணங்களை அடுக்கியிருந்த கட்டடத்தில் விழுந்தது. கொங்கிறீற் கட்டடம் சிதறித் துண்டுகள் சனக்கூட்டத்துக்குள் பறந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; முந்நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். இவ்வளவும் நடந்தபின்பும், 2024 ஒக்டோபர் மாதத்தில் காசர்கோட்டு மாவட்டம் நீலேஸ்வரத்துக் கோயிலொன்றில், வெடித்த வெடியின் பொறி பக்கத்திற் சேமித்திருந்த வெடிகளில் விழுந்து, நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அவர்களிற் சிலர் பின்னர் மாண்டார்கள்.

இச்சம்பவங்களுக்குள் பரவூரையும் நீலேஸ்வரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கொளுத்திய வாணம் செய்த தீமை சிறிது. கொளுத்தாமல் வைத்திருந்த வாணம் செய்ததே பெரிது. ஆகையால் வாணத்திருவிழாவில் மிகவும் அபாயமான இடம் வாணம் விடும் இடமன்று. அடுத்த வாணம் காத்திருக்கும் இடமே.

இரண்டாவது வழி, உராய்வும் இரும்பும். நமது குடாநாட்டிற் கிணறு வெட்டுவது எப்படியென்று பெரியவர்களுக்குத் தெரியும். செம்மண்ணைத் தோண்டிச் சில முழம் போனவுடன் சுண்ணாம்புக்கல் தட்டும். அலவாங்கால் ஆகாதபோது துளையிட்டு மருந்து வைத்துக் கல்லுடைப்பார்கள். இத்தொழிலில் உயிர்காக்கும் விதி ஒன்று உண்டு: துளைக்குள் மருந்தை இறுக்குவதற்கு இரும்பைத் தொடாதே. இரும்பு கல்லில் உரசினாற் பொறி பறக்கும். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி அமெரிக்காவில், இருப்புப்பாதைக்குக் கல்லுடைத்த பினியஸ் கேஜ் என்னும் 25 வயது வாலிபர், ஒரு கணம் கவனம் பிசகி, மண்போட்டு மூடாத மருந்தின்மேல் இரும்புக் கம்பியை இறக்கினார். கம்பி கல்லில் உரசியது, மருந்து பற்றியது. மூன்றரை அடிக்கு மேல் நீளமான அக்கம்பி அவருடைய இடக்கன்னத்தின் கீழே புகுந்து உச்சந்தலையால் வெளியேறிற்று. ஆச்சரியமாக அவர் உயிர் பிழைத்தார்; ஆனாற் பழைய மனிதராக இருக்கவில்லை என்று அவரை அறிந்தோர் சொன்னார்கள்.

அக்காலத்துச் சுரங்கங்களில் நாணற்குழாயிலும் இறகுத்தண்டிலும் மருந்தை நிரப்பித் திரியாக வைப்பார்கள். அது எப்போது எரிந்து முடியுமென்று ஒருவருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் தொழிலாளர் இவ்வாறு மாள்வதைக் கண்டு மனம் வருந்திய வில்லியம் பிக்போட் என்பவர், கயிறு திரிப்பதைப் பார்த்துக் கிடைத்த யோசனையால், நூற்கயிற்றினுள் மருந்தை அடக்கி ஒரே வேகத்தில் எரியும் திரியொன்றை 1831இற் செய்தார். அவர் சுரங்கத் தொழிலாளியும் அல்லர்; தோல் வியாபாரி. பிறர் துன்பத்தைக் கண்டு சும்மா இராமையே அவருடைய தகுதி.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளிற் பெரும்பாலான விபத்துக்கள் மருந்தைக் கலக்கும்போதும் அடைக்கும்போதும் உண்டாகும் உராய்விலேயே தொடங்குகின்றன. 2012 செப்டெம்பர் 5ஆம் திகதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டார்கள். அவர்களிற் பலர் அவ்வாலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அயலூரவர்கள். முதலாவது வெடி அடங்கிவிட்டதென்று நம்பி அருகே போனார்கள். அடுத்தது அவர்களைக் கொண்டுபோயிற்று. நீங்களும் இதை மறக்கவேண்டாம். மருந்திருக்கும் இடம் எரிந்தால் அணைக்க ஓடாதீர்கள். ஆட்களை அப்பால் ஓட்டுங்கள்.

மூன்றாவது வழி, ஆசையும் அவசரமும். இதற்கு நான் வெளியூர் போகவேண்டியதில்லை. நான் சிறுவனாயிருந்தபோது, திருவிழாவுக்கு மறுநாள் விடியற்காலையிற் பையன்கள் கோயில் வீதியில் வெடிக்காத சீனவெடிகளைப் பொறுக்குவோம். உரித்து மருந்தைக் கடதாசியிற் கொட்டிச் சேர்ப்போம். என் வகுப்புத் தோழன் ஒருவன் அவ்வாறு சேர்த்ததை ஒரு தகரப் பேணியில் அடைத்து மூடியைத் தட்டினான். அவனுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. நல்ல எழுத்துக்காரன், அதன்பின் இடக்கையால் எழுதப் பழகினான். எழுத்துப் பழகியது, மிருதங்கம் திரும்பப் பழகவில்லை. இன்றைக்கும் பையன்கள் இதைச் செய்கிறார்கள். அன்றியும் 2009இல் முடிந்த போர் நம் மண்ணில் விட்டுச்சென்ற குண்டுகளும் ரவைகளும் வளவுகளிலும் கிணறுகளிலும் இன்னும் அகப்படுகின்றன. அவற்றில் மருந்தெடுக்க முயல்வது தற்கொலைக்குச் சமம். கண்டால் தொடாமல், அடையாளம் வைத்து, பொலிசாருக்கு அறிவியுங்கள்.

நிற்க. இப்பொழுது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது. இதைச் சொல்வதற்காகவே இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, கோயிலொன்றின் பூங்காவனத் திருவிழாவன்று வாணங்களுக்குப் பொறுப்பாக நின்றவர்களில் நானும் ஒருவன். வாணப்பெட்டிகளைக் கிடுகால் வேய்ந்த கொட்டிலொன்றில் அடுக்கி, மேலே இரண்டு சாக்கு விரித்திருந்தோம். சங்கத்து வாலிபர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, காத்து இந்தப் பக்கமாத்தான் வீசுது. பெட்டியளைத் தேர்முட்டிக்கு அங்காலை கொண்டுபோய் வைப்பமோ?” என்று கேட்டார். நான், “தம்பி, முப்பது வருஷமா இஞ்சைதான் வைக்கிறம். நீ பேசாமல் உன்ரை வேலையைப் பார்” என்றேன்.

அவர் பேசாமற் போனார். ஆனால் இரண்டு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிலடியில் வைத்துவிட்டே போனார். பத்து மணிக்குப் பின் ஈர்க்குவாணம் ஒன்று சரிந்து வந்து கொட்டில் முகட்டில் விழுந்தது. கிடுகு பற்றிக்கொண்டது. பெட்டிகளுக்கும் நெருப்புக்கும் இடையில் ஒரு பாகத் தூரந்தான் இருந்தது. அந்தத் தம்பியே வாளியோடு ஏறி அணைத்தார். கொட்டிலுக்கு எதிரே தாய்மாரும் குழந்தைகளும் பாய் விரித்து இருந்தார்கள். மேளம் நிற்கவில்லை, சனத்திற் பலருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

மருந்திருக்கும் இடம் எரிந்தால் அணைக்க ஓடாதீர்கள் என்று சற்றுமுன் நான்தான் சொன்னேன். அவர் ஓடினார், தப்பினார். அதைப் பார்த்துப் பழகவேண்டாம். அவர் அவ்வாறு உயிரைக் கொடுக்கப் போகும்படி வைத்தது என் வார்த்தை. முப்பது வருஷம் ஒன்றும் நடவாதது நம்முடைய சாமர்த்தியத்தாலன்று. பொறி வேறிடத்தில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஆகையால் இனி வாணம் விடுவதானால், பின்வருவனவற்றைச் சங்கம் விதியாகக் கொள்ளவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

ஒன்று, வெடிபொருட்கள் நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதியுள்ளவரிடமே வாங்கவேண்டும். வீட்டில் மருந்து கலப்பதும், வாங்கிய வாணத்தைப் பிரித்துத் திருத்துவதும் கூடவே கூடாது.

இரண்டு, பெட்டிகள் காற்றுக்கு மேற்புறமாக, வாணம் விடும் இடத்துக்கும் சனத்துக்கும் தூரத்தில், திறந்த வெளியில், நனைந்த சாக்கால் மூடப்பட்டிருக்கவேண்டும். அமெரிக்காவில் 1802இல் தொடங்கிய டூபொண்ட் கருமருந்து ஆலையில், கட்டடத்தின் மூன்று சுவர்களைத் தடித்த கல்லாலும், ஆற்றை நோக்கிய பக்கத்தை மெல்லிய பலகையாலும் கட்டினார்கள். வெடித்தால் ஆளில்லாத ஆற்றுப்பக்கமே வெடிக்கட்டும் என்பது எண்ணம். வெடிக்காது என்று நம்பிக் கட்டியவர்கள் அல்லர் அவர்கள். நாமும் பெட்டிகளை மடத்து அறைக்குள்ளும் கொங்கிறீற் சுவருக்குள்ளும் பூட்டிவைப்பது பாதுகாப்பென்று மயங்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் வேண்டியதை மாத்திரம் எடுத்துப் பெட்டியை உடனே மூடவேண்டும்.

மூன்று, பெரிய வாணங்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இடையில் நூறு மீற்றருக்குக் குறையாத தூரம் வேண்டும். பெட்டியில் அதற்கு மேல் அச்சிட்டிருந்தால் அதுவே கணக்கு. நம் வீதியில் அவ்வளவு இடமில்லையே என்று சொல்லுவீர்கள். அப்படியானால் அந்த வாணம் நம் வீதிக்குரியதன்று.

நான்கு, பெட்டியருகே சுருட்டும் பீடியும் ஆகா. நம் கொக்குவில் சுருட்டுக்குப் பேர்போன ஊர். ஒரு சுருட்டை அரைமணி நேரம் கையில் வைத்திருந்து, அதில் நெருப்பிருப்பதையே மறந்து கதைக்கக்கூடியவர்கள் நாங்கள். பெரியவர் பிடிக்கிறாரே, எப்படிச் சொல்வது என்று தயங்கவேண்டாம். கற்பூரச் சட்டியும் தீவட்டியும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

ஐந்து, கொளுத்துபவர் பருத்தி உடையே உடுத்தவேண்டும். நைலோன் போன்ற துணிகள் உரசும்போது மின்பொறி உண்டாகும்; நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையை அவிழ்த்து வைத்துவிட்டு, நீண்ட கொள்ளியாற் பக்கவாட்டில் நின்று கொளுத்தவேண்டும். வாணத்துக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகக்கூடாது. வானம் மின்னினால் அன்றைக்கு வாணம் இல்லை.

ஆறு, வெடிக்காத வாணத்தை மறுபடி கொளுத்தக்கூடாது. உள்ளே திரி புகைந்துகொண்டிருக்கலாம். அரைமணி நேரம் அணுகாமலிருந்து, பின்பு நிறைந்த தண்ணீரில் அமிழ்த்தவேண்டும். நனைந்தது காய்ந்தால் அதனையும் நம்பமுடியாது. விடியுமுன் வீதியைக் கூட்டி, வெடிக்காதவற்றைச் சங்கமே பொறுக்கவேண்டும். பையன்கள் வரும்போது அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது.

இவ்வளவு செய்தும் எவருக்கேனும் நெருப்புப் பட்டால், சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். மையும் பற்பசையும் எண்ணெயும் பூசாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மெல்ல மூடி, 1990க்கு அழைத்து, போதனா வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். கண்ணிற் பட்டதைக் கசக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. மேற்சொன்ன விதிகளையெல்லாம் பரவூராரும் அறியாதவர்கள் அல்லர். அனுமதி இல்லையென்ற கடிதமே அவர்களுக்கு முன்னால் இருந்தது. அறிந்தும் நிறுத்த முடியாமற் போனது ஏன்? எதிர்க்கோஷ்டிக்குத் தோற்கக்கூடாது என்ற வீம்பு. நம் ஊர்களிலும் இவ்வுபயகாரருக்கும் அவ்வுபயகாரருக்கும் இடையில் அந்த வீம்பு இல்லையென்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்லமுடியுமா? சுவாமி எழுந்தருளும் வீதியில் ஒரு குழந்தை கருகினால், எந்த உபயம் பெரிதென்று அந்தத் தாயிடம் போய்க் கேட்போமா?

ஆகையால், ஒவ்வொரு திருவிழாவிலும் சங்கம் ஒரு வாலிபரை நியமிக்கட்டும். அவருக்கு வேறு வேலை வேண்டாம். காற்றையும் பெட்டியையும் சனத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பதே வேலை. அவர் “நிறுத்துங்கோ” என்றால், தர்மகர்த்தாவும் உபயகாரரும் என்னைப் போன்ற கிழவர்களும் அக்கணமே நிறுத்தவேண்டும். காரணம் பிறகு கேட்கலாம். அவர் பத்துமுறை வீணாக நிறுத்தினாலும் பாதகமில்லை. பெரியோர்களே, அந்த வார்த்தையைச் சொல்லும் தைரியத்தை அவர்களுக்குக் கொடுக்கவேண்டியவர்கள் நாங்கள். வாலிப அன்பர்களே, கொடுத்தாலும் கொடாவிட்டாலும் அதைச் சொல்லவேண்டியவர்கள் நீங்கள்.

அன்றைக்கு வாளியோடு கொட்டிலில் ஏறிய தம்பி இன்று இச்சபையில் இருக்கின்றார். அவருடைய பெயரைச் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் அவரிடம் சொல்லாத ஒன்றை உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்லி முடிக்கிறேன். தம்பி, அன்றைக்கு நீர் சொன்னதே சரி.